ஈரத்துக்கு நான் போட்ட புள்ளிகள்

நான் கணக்கு டீச்சர். இருபத்திரண்டு வருஷமாகக் கண்டியில் சிவப்புப் பேனாவும் கையுமாக இருக்கிறேன். இந்தத் தொழில் ஒரு ஆளை என்ன செய்யும் என்று கேட்டால், எதைப் பார்த்தாலும் நூற்றுக்கு எத்தனை என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு அறுபத்தைந்து. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த அதிபரின் பேச்சுக்கு நாற்பது, அதுவும் இரக்கப்பட்டு. வாய்விட்டுச் சொல்வதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். என் முகம் சொல்லிவிடுகிறது என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

இதனாலேயே சொந்தபந்தத்தில் எனக்கு ஒரு மவுசு. யார் எந்தச் சாமான் வாங்குவதானாலும் முதலில் எனக்குப் போன் வரும். ரைஸ் குக்கர், அயர்ன், தண்ணீர் ஃபில்டர், கேஸ் அடுப்பு, எதுவானாலும், "டீச்சர ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்குங்க" என்பார்கள். நானும் சும்மா வாயால் அளந்துவிடுகிற ஆள் இல்லை. ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். கோடு கிழித்து, சத்தம், கழுவ லேசா, கரண்ட் எவ்வளவு இழுக்கிறது, எத்தனை நாள் உழைக்கும் என்று பிரித்து, பத்துப் பத்தாகப் புள்ளி போட்டுக் கூட்டுவேன். அந்தக் கொப்பியைப் பார்த்து ஒருவரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் சும்மா விட்டிருக்கவும் மாட்டேன்.

எனக்கு ஒரே தங்கச்சி. நாங்கள் பிறந்து வளர்ந்த ஹந்தானையிலேயே, தேயிலைத் தோட்டத்து லய வரிசையில், இரண்டு அறையில் இருக்கிறாள். கொழுந்து எடுக்கிறாள். புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து போவான். ஒன்பது வயதில் ஒரு மகள். தங்கச்சியும் நானும் சின்ன வயதில் 'வாடி, போடி'தான். முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறோம். எனக்கு டீச்சர் வேலை கிடைத்த வாரத்திலிருந்து அவள் என்னை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தாள். "என்னடி புதுப் பழக்கம்?" என்று கேட்டேன். "இருக்கட்டும்க்கா, நீங்க டீச்சர்ல" என்றாள். வேண்டாம் என்று இரண்டு மூன்று தரம் சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அவளுடைய மகளுக்கு இழுப்பு. குளிர் கூடினால் நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கிவிடும். ஒருமுறை டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனபோது, மூக்கிலும் வாயிலும் ஒரு மூடியை வைத்து மருந்துப் புகை பிடிக்க வைத்திருக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டிருக்கிறது. தங்கச்சி அன்றைக்கே எனக்குப் போன் பண்ணினாள்.

"அக்கா, ஆவி மெஷின் ஒன்னு இருக்குங்க. அத வச்சதும் புள்ளைக்கு மூச்சு நல்லா வந்துருச்சு. வீட்டுக்கு ஒன்னு வாங்கி வச்சிட்டா நல்லதுன்னு அங்க ஒரு அம்மா சொன்னிச்சு. நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

ஆவி மெஷின். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது எனக்கு. அது எப்படிப்பட்ட மெஷின், உள்ளே என்ன ஊற்றினார்கள், மருந்தா தண்ணீரா, ஒன்றும் கேட்கவில்லை. தடிமன் பிடித்தால் நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கிறோம், சளி இளகுகிறது. ஒரு தரம் பிடிக்கிற ஆவிக்கே அந்தக் குணம் என்றால் நாள் முழுக்க ஆவி வந்தால் எவ்வளவு நல்லது! இப்படிப் போனது என் கணக்கு. வகுப்பில், "கேள்விய ரெண்டு தரம் வாசிச்சிட்டு எழுதுங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்.

அடுத்த சனிக்கிழமை அக்குறணைக்குப் போனேன். மின்சாதனம் விற்கிற ஒரு கடையில் எனக்கு வாடிக்கை. உள்ளே நுழைந்ததும் கண்ணாடி மேசையின் மேல் அது இருந்தது. வெள்ளை நிறம், பூசணிக்காய் அளவு, தலையிலிருந்து மெல்லிய வெண்புகை. முன்பக்கத்தில் பச்சை எழுத்தில் ஒரு எண். பெட்டியில் ஹியூமிடிஃபையர் என்று போட்டிருந்தது. இதுதான் ஆவி மெஷின் என்று நானே பெயர் வைத்து, நானே நம்பி, "இதுல ஒன்னு குடுங்க" என்றேன்.

கடைக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "யாருக்கு டீச்சர்?"

"தங்கச்சி மகளுக்கு. இழுப்பு. ஹந்தானையில இருக்கு."

"அல்லாவே, இது வேற டீச்சர். இழுப்புக்குப் புடிக்கிற மெஷின் பாமசியில ஈக்கி, டொக்டரக் கேட்டு வாங்கோணும். இது ஏசி ரூம்ல காத்து காஞ்சா வெக்கிற சாமான். இங்க செவரே அழுவுது, அதுக்கு மேல எதுக்குத் தண்ணி?"

நல்ல மனுஷன். விற்க வைத்திருந்த சாமானை விற்காமல் இருக்கப் பார்த்தார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஏசி ரூம் என்று அவர் சொன்னது எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படிக் கேட்கிற ஆட்களை நான் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன், நிறையவே. ஆனால் அவர் அப்படிக் கேட்கவில்லை.

"ஏன், லயத்துல இருக்கிற ஆளுங்க இதெல்லாம் வச்சிக்கக் கூடாதுன்னு சட்டமா?" என்றேன். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் அந்தக் குரலில் சொன்னேன்.

அவருடைய முகம் சுருங்கிப்போனது. பிறகு பெட்டியில் வைத்துக் கட்டினார். கையில் தரும்போது, "சரிவராட்டி கொண்டு வாங்க டீச்சர், நான் எடுத்துக்குறன்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஒரு வாரம் என் வீட்டில் வைத்துச் சோதித்தேன். என் வீடு ரோட்டோரத்து மாடி. மூன்று ஜன்னல், நல்ல வெயில், மழை இல்லாத மாதம். கொப்பியில் வழக்கம்போலக் கோடு கிழித்தேன். சத்தம்: பத்துக்கு ஒன்பது, ஃபேனைவிடக் குறைவு. தண்ணீர் ஊற்றுவது: எட்டு, மூடி கொஞ்சம் இறுக்கம். கழுவுவது: ஏழு, கை உள்ளே போகவில்லை. பார்வைக்கு: ஒன்பது. கரண்ட்: எட்டு. அன்றாடப் பாவனைக்கு உகந்ததா என்ற இடத்தில், மிக உகந்தது என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மிச்சம் அந்தப் பச்சை எண், காற்றில் ஈரம் நூற்றுக்கு எத்தனை என்று காட்டுவது. போட்ட அன்று அறுபத்தாறு காட்டியது. ஜன்னலைச் சாத்தி ஒரு மணித்தியாலம் விட்டேன், எழுபத்தெட்டு. இன்னொரு மணித்தியாலம், எண்பத்து நான்கு. எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், பின்வரிசை வாங்கில் இருக்கிற பிள்ளை திடீரென்று நல்ல புள்ளி எடுத்தால் வருமே, அப்படி. எழுபத்தைந்து தாண்டினால் ஏ. இந்த நாட்டில் பரீட்சை எழுதிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் கொப்பியில் '84 — ஏ' என்று எழுதி, பக்கத்தில் சிவப்பில் சரி போட்டேன்.

நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண்ணைக் கண்டால் அது கூடினால் நல்லது, குறைந்தால் மோசம். இருபத்திரண்டு வருஷம் அப்படியே பார்த்துப் பழகிய கண். குறைந்தால்தான் நல்லது என்று ஒரு நூற்றுவீதம் உலகத்தில் இருக்கும் என்று அந்தக் கண்ணுக்குத் தோன்றவில்லை. கணக்கு டீச்சர், வேறு!

அந்த வாரத்தில் மெஷின் சாடை காட்டாமலும் இல்லை. சமையலறை உப்புப் போத்தல் தண்ணீர் விட்டது. அப்பளம் துவண்டுபோய்க் கிடந்தது. ஜன்னல் கண்ணாடி வியர்த்து வழிந்தது. அதையெல்லாம் நான் கவனித்தேன். கவனித்து, 'நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதினேன். பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. ஆங்கிலம் இருந்தது. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். வாசிக்கவில்லை.

மெஷினை நான் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை. தங்கச்சியை டவுனுக்கு வரச் சொல்லி, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் வைத்துக் கையில் கொடுத்தேன். லயத்துக்கு ஏறிப் போவதற்கு எனக்கு எப்போதும் ஒரு சாக்கு இருக்கும்: மழை, முழங்கால், திருத்த வேண்டிய பேப்பர். அன்றைக்குப் பேப்பர். நின்ற இடத்திலேயே பாடம் நடத்தினேன்.

"இந்தா பாரு, இது ஈரத்தோட நம்பர், எண்பதுக்குக் கீழ எறங்க விடாத. ஜன்னலத் தொறந்து வச்சா ஆவியெல்லாம் வெளிய போயிரும், எல்லாத்தையும் அடச்சு வையி. புள்ளைய விட்டு காலையிலயும் பொழுது சாயவும் நம்பரக் கொப்பியில எழுதச் சொல்லு. எழுபத்தஞ்சுக்கு மேல வந்தா ஏ போடச் சொல்லு. நான் வந்து திருத்துவேன்."

"சரிங்கக்கா," என்றாள். எண்பது, எண்பது என்று வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பஸ் ஏறியதும் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் மெஷினைக் கொண்டுபோன வாரமே மழை பிடித்துக்கொண்டது. ஹந்தானையில் மழை பிடித்தால் என்னவாகும் என்று எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷம் அங்கே கிடந்தவள். பின்சுவர் மண்மேட்டோடு ஒட்டி நிற்கும், நாள் முழுக்கக் கசியும். தீப்பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு திரிவோம், இல்லாவிட்டால் பற்றாது. எல்லாம் தெரியும். ஆனாலும் ஒரு நாளாவது யோசிக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் போன் பண்ணினாள். "அக்கா, புள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலா இழுக்குற மாதிரி இருக்குங்க."

"நம்பர் எத்தன?"

"எண்பத்தெட்டுங்க."

"அப்புறம் என்ன? நல்லாத்தானே இருக்கு. சளி இளகும்போது அப்பிடித்தான் இருக்கும்."

இன்னும் ஒரு கிழமை போனது. "அக்கா, ராவெல்லாம் இருமுது. மெத்த நனஞ்சுபோயி கெடக்கு. கொஞ்சம் நிப்பாட்டிப் பாக்கவா?"

நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்ன பதிலை இப்போது எழுதவே கை கூசுகிறது. "நீ கதவத் தொறந்து போட்டிருப்ப. ஒனக்கு ஒரு வேலைய ஒழுங்கா செய்யத் தெரியாது. சின்ன வயசிலயே இப்பிடித்தான். சொன்னத மட்டும் செய்."

"சரிங்கக்கா" என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நாலாம் நாள், பள்ளிக்கூட இடைவேளையில் போன் வந்தது. பிள்ளையைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் அவளை நிமிர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தடியில் குழி விழுந்தது. உதடு ஒரு மாதிரி நீலம் பூத்திருந்தது. மூக்கிலும் வாயிலும் மூடியை வைத்து மருந்துப் புகை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி கேட்ட ஆவி மெஷினை அப்போதுதான் என் கண்ணால் பார்த்தேன்.

மூச்சு கொஞ்சம் சீரான பிறகு டொக்டர் வந்தார். சின்ன வயது, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தங்கச்சியிடம்தான் கேட்டார். "வீட்டில ஈரம் கூடவோ அம்மா? சுவரில பூஞ்சணம் பிடிச்சிருக்கோ?"

ஈரம் என்ற சொல்லைக் கேட்டதும் தங்கச்சி நிமிர்ந்தாள். நல்ல புள்ளி எடுத்த பிள்ளையின் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுகிற தாயைப் போல இருந்தது அவள் முகம். "ஈரமெல்லாம் நல்லா இருக்குங்க டொக்டர். எண்பதுக்குக் கீழ நாங்க எறங்க விட்டதே இல்ல."

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். "என்ன எண்பது?"

தங்கச்சி எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின், நம்பர், ஜன்னல் இடுக்கில் பொலித்தீன் ஒட்டியது, கதவடியில் உரச் சாக்குச் சுருட்டி வைத்தது, ஒன்றையும் விடவில்லை. டொக்டர் கண்ணை மூடித் திறந்தார். "ஐயோ அம்மா, இழுப்புக்காரப் பிள்ளையின்ர அறை காய்ஞ்சிருக்க வேணும். அறுபதைத் தாண்டவே விடக்கூடாது. ஈரத்திலதான் பூஞ்சணம் வாறது, அதுதான் நெஞ்சுக்க போறது. ஆர் உங்களுக்கு உப்பிடிச் செய்யச் சொன்னது?"

தங்கச்சி பிள்ளையின் முதுகைத் தடவினாள். நான் அவள் பக்கத்தில் நிற்கிறேன். பள்ளிக்கூடத்துச் சாரி, தோளில் கைப்பை, கையில் சிவப்புப் பேனா மை. என் வாய் தானாகத் திறந்தது.

"கடையில சொன்னாங்க டொக்டர். அக்குறணையில. கடைக்காரர்தான் எண்பதுக்கு மேல வைக்கச் சொன்னாராம்."

சொன்னாராம்! அந்த 'ஆம்' வேறு. யாரோ யாரிடமோ சொன்னது, எனக்குச் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி. வேண்டாம் என்று தடுத்த ஒரே மனுஷனின் தலையில், அவர் இல்லாத இடத்தில், மூச்சுவிடுகிற நேரத்தில் தூக்கிப் போட்டுவிட்டேன்.

டொக்டர் தங்கச்சியைப் பார்த்தார். "அப்பிடியோ அம்மா?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு டொக்டரிடம் திரும்பி, "ஆமாங்க டொக்டர். கடையில சொன்னதுதான்" என்றாள்.

அந்த மெஷின் இப்போது என் அலுமாரிக்கு மேல் பெட்டியோடு இருக்கிறது. சரிவராவிட்டால் கொண்டு வரச் சொன்னார் அல்லவா? கொண்டுபோக வேண்டும், போய் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நினைக்கிறேன். போன மாதம் மாத்தளைக்குப் போகிற பஸ்ஸில் அக்குறணை வந்தபோது, கடை இருக்கிற பக்கம் உட்கார்ந்திருந்தவள் எழுந்து மற்றப் பக்கம் மாறி உட்கார்ந்தேன். ஐம்பது வயது நெருங்குகிற மனுஷி.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் பிள்ளையைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். திரீவீலர் பிடித்து நானும் கூடப் போனேன். அதற்கு மட்டும் சாக்கு எதுவும் வாயில் வரவில்லை. கதவைத் திறந்ததும் ஒரு முடை நாற்றம் முகத்தில் அடித்தது. பின்சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், கூரைத் தகரம் வரைக்கும். தலையணையிலும் புள்ளி. சாமி படத்துக் கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கி முகமே தெரியவில்லை. ஜன்னல் இடுக்கில் பொலித்தீனை அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தாள், ஒரு ஊசி போக இடம் இல்லை. சொன்னதை மட்டும் செய் என்று நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறாள். நான் அதைக் கிழித்து எடுத்தேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தங்கச்சி வாளியில் தண்ணீர் எடுத்து, பிரஷ்ஷால் சுவரைத் தேய்க்கத் தொடங்கினாள்.

பிள்ளை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து நீட்டினாள். "பெரியம்மா, நான் ஒரு நாள்கூட விடாம எழுதினேன். திருத்தித் தாங்க."

தாள் எல்லாம் ஈரத்தில் நெளிந்து தடித்துப் போயிருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள், நான் போடுகிற மாதிரியே. காலை ஒரு வரிசை, மாலை ஒரு வரிசை. 83 ஏ. 86 ஏ. 88 ஏ. 88 ஏ. நாட்கள் போகப் போக எழுத்து சாய்ந்துகொண்டே போனது. எண்கள் ஏறிக்கொண்டே போயின. கடைசி வரி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று காலை. 93 ஏ. மூச்சு எடுக்க முடியாத அந்தக் காலையிலும் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் கீறியிருந்தாள்.

"எல்லா நாளும் ஏ தானே பெரியம்மா?"

"ம்."

"அப்புறம் ஏன் எனக்கு மூச்சு வாங்கிச்சு?"

பிரஷ் சத்தம் நின்றது. தங்கச்சி திரும்பவில்லை. பேனாவை எடுக்கக் கைப்பைக்குள் போன என் கை அங்கேயே கிடந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை கேட்ட கேள்வி. அதற்கு ஒரு பொய் சொல்லித் தப்பலாம், சொன்னால் அவளும் நம்புவாள், தங்கச்சியும் ஆமாம் என்பாள். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"நீ எழுதினதெல்லாம் சரி புள்ள," என்றேன். "பெரியம்மா சொல்லிக் குடுத்ததுதான் பிழை. அந்த நம்பர் கூடக் கூட ஒனக்குக் கெடுதி. எனக்கு அது தெரியாது. தெரியாம, தெரிஞ்ச மாதிரி ஒங்கம்மாவ அதட்டினேன். கடைக்காரர் இத வாங்காதீங்கன்னுதான் சொன்னார். நான்தான் கேக்கல."

பிள்ளை கொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப இதெல்லாம் ஏ இல்லியா?" என்றாள். உதடு பிதுங்கியது. பென்சில் பெட்டியிலிருந்து அழிறப்பரை எடுத்து, கடைசி வரியில் இருந்த ஏயைத் தேய்த்தாள். ஊறிப்போன தாள், நட்சத்திரத்தோடு சேர்ந்து கிழிந்து வந்தது.

தங்கச்சி சுவரைப் பார்த்தபடியே நின்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"இத அன்னிக்கே டொக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல நீ."